ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்த வகுப்பு

திருவாலங்காடு என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்திமான்களுக்கு ரத்தின சபையும், காளியோடு சிவபெருமான் ஆடிய நடனப் போட்டியும். பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பக்கத்திலேயே இருக்கும் பழையனூரும், அங்கே பழி தீர்த்த நீலியும்! சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் பிடிக்கிறவர்களுக்கு மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன், அவ்வளவுதான். சரித்திரப் பிரியர்களுக்கு மட்டும் செப்பேடு.

1905-ல் வெளிச்சத்துக்கு வந்த அந்தச் செப்பேட்டில் மொத்தம் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன்னுடைய ஆறாவது ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு எழுதிவைத்த சாசனம் அது. சோழர்களின் வம்ச சரித்திரத்தைக் கோவையாகத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை புரட்டுவது அந்த ஏடுகளைத்தான்.

நாம் பார்க்கப்போவது செப்பேட்டை அல்ல. அதே ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று விழுப்புரம் பக்கத்தில் எண்ணாயிரம் என்கிற ஊரில் இருக்கிறது. அங்கே ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர். செலவுக்கு 45 வேலி நிலம். மாணவன் ஒவ்வொருவனுக்கும் தினமும் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதுவரை கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுக் கவலை கிடையாது. கூப்பிடு தூரத்தில் ஆசிரியர். சுற்றி நூற்றுக்கணக்கில் சக மாணவர்கள். ஒருத்தன் சோம்பல்பட்டுத் தூங்கினால்கூட, பக்கத்தில் பாடம் ஒப்பிக்கிற சத்தமே எழுப்பிவிடும். படிப்பதைத் தவிர அந்தப் பையனுக்கு வேறு வேலை இல்லை. (இத்தனையும் வேதம், இலக்கணம் படிக்க வந்த பையன்களுக்கு மட்டும். பழையனூரில் ஏர் ஓட்டியவருடைய மகனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.)

கிட்டத்தட்ட 900 வருடம் தள்ளி வருவோம். திருவாலங்காட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போனால் திருத்தணி. 1888 செப்டம்பர் 5-ம் தேதி அங்கே பிறந்தார் ராதாகிருஷ்ணன். பின்னால் குடியரசுத் தலைவர் ஆனவர். ஆசிரியர் தினத்துக்குக் காரணமானவர். அவர் படித்த வழியைப் பாருங்கள். திருத்தணியில் ஆரம்பப் பள்ளி. அப்புறம் திருப்பதியில் மிஷன் பள்ளிக்கூடம். பிறகு வேலூர். கடைசியில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. ஒவ்வொரு படி ஏறவும் ஒரு ஊர் மாற வேண்டியிருந்தது! அவர் தத்துவம் எடுத்ததற்குக்கூட, படிப்பை முடித்த உறவுக்காரப் பையன் ஒருவன் தன் பழைய தத்துவப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். வசதி அப்படி.

படிக்க வேண்டுமானால் ஊரை விட வேண்டும். ராஜேந்திரன் காலத்திலிருந்து ராதாகிருஷ்ணன் காலம்வரை மாறாத விதி இது. ஊரை விட முடியாதவன் என்ன செய்வான்? காசு இல்லாதவன், வேலையில் மாட்டிக்கொண்டவன், வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பெண்?

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு தபால் தலையிலிருந்து கிடைத்தது. 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி கொடுத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று சட்டம் வந்தது. ஐசக் பிட்மன் என்பவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நம்ம ஊர் ‘டைப், ஷார்ட்ஹேண்ட்’ ஆசாமிகள் பல தலைமுறையாகக் கும்பிட்ட அதே பிட்மன்! மூன்று வருடம் முன்புதான் அவர் தன் சுருக்கெழுத்தைப் புத்தகமாகப் போட்டிருந்தார். இப்போது பாடத்தைத் தபாலில் அனுப்பினார். மாணவர்கள் பைபிள் வாசகங்களைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் தப்பைத் திருத்தி மறு தபாலில் அனுப்புவார்.

இதில் எது புதுசு என்கிறீர்கள்? தபாலில் பாடம் அனுப்புவதாக விளம்பரம் செய்தவர்கள் அவருக்கு முன்பே உண்டு. 1728-லேயே பாஸ்டன் பத்திரிகையில் அப்படி ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. அதுவும் சுருக்கெழுத்துதான். பிட்மன் செய்த காரியம், திருத்திய தாளைத் திருப்பி அனுப்பியது. மாணவன் எங்கோ ஒரு கிராமத்தில் உட்கார்ந்து எழுதியதை இன்னொரு மனிதர் பார்த்தார். சிவப்புக் கோடு போட்டார். கூட்டம் அதிகமாகி அவரால் தனியாளாகச் சமாளிக்க முடியாமல் போனபோது, 1843-ல் தன்னார்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்து, திருத்துகிற வேலையைப் பிரித்துக் கொடுத்தார். இந்த விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றெழுபது வருடம் கழித்து மறுபடி தேவைப்படும்.

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். லண்டன் பல்கலைக்கழகம் 1858-ல், எங்கே வேண்டுமானாலும் படி, பரீட்சையில் தேறினால் பட்டம் என்றது. இந்தியாவில் 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களோடு அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுரை, 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகம். ‘கரஸ்ல பி.ஏ. பண்றேன்’ என்கிற வாக்கியம் ஒவ்வொரு தெருவிலும் கேட்க ஆரம்பித்தது. மூட்டையாக ஸ்டடி மெட்டீரியல் வரும். பரண் மேல் போகும். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது கீழே இறங்கும். பிட்மன் கண்டுபிடித்த சிவப்புக் கோடு இதில் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்த மூட்டையை ஒழுங்காகப் பிரித்துப் படித்து பதவி உயர்வு வாங்கிய குமாஸ்தாக்கள், கல்யாணத்துக்கு அப்புறம் பட்டம் வாங்கிய பெண்கள் நம் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு.

இணையம் வந்தது. 2001 பிப்ரவரியில் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுத் தமிழர்களின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தமிழ் படிக்க ஏற்பாடு. பொறுப்பேற்றவர், முன்பு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வா.செ.குழந்தைசாமி. 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தில் இறங்கின. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை யார் வேண்டுமானாலும் வீடியோவில் பார்க்கலாம். அதே வருடம் தொழில்நுட்பப் பாடங்களுக்காக ஒரு டி.வி. சேனலும் வந்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஏகலைவா! தூரத்திலிருந்து கற்றவன் என்பதால் வைத்திருப்பார்கள். குருதட்சணையாகக் கட்டை விரலை இழந்தவன் என்பது பெயர் வைத்தவர்களுக்கு ஞாபகம் வந்ததா, தெரியவில்லை.

இப்போது 2012-க்கு வாருங்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி. (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை!), மார்ச் மாதம் ஒரு வகுப்பை இணையத்தில் திறந்துவிட்டது. பாடம், மின்சுற்றுகளும் எலெக்ட்ரானிக்ஸும். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது. தலைமை ஏற்று நடத்தியவர் ஆனந்த் அகர்வால். மங்களூரில் பிறந்து, கிண்டி ஐ.ஐ.டி.யில் 1982-ல் பி.டெக். முடித்தவர். எளிதான பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.ஐ.டி. மாணவர்களே இரண்டாம் ஆண்டில் மூச்சுத் திணறப் படிப்பது. 14 வாரம், வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம். ஒவ்வொரு வாரமும் கெடு வைத்து வீட்டுப்பாடம், நடுவில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு.

பெயர் கொடுத்தவர்கள் 1,54,763 பேர்!

இனிமேல்தான் விஷயம். முதல் வீட்டுப்பாடத்தைத் திறந்தாவது பார்த்தவர்கள் 69,221 பேர். அதில் ஒரே ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 26,349. நடுத்தேர்வில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 10,547. அதில் தேறியவர்கள் 9,318. கடைசியில் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களையெல்லாம் தோற்றவர்கள் என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இலவசமாகக் கதவு திறந்தால் வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வரும். ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 1,28,000-க்கும் மேற்பட்டவர்கள் முதல் வீட்டுப்பாடத்தில் ஒரு மதிப்பெண்ணும் பெறாமலே போய்விட்டார்கள். நடுத்தேர்வில் தேறியவர்களிலோ, நாலில் மூன்று பேர் கரை சேர்ந்திருக்கிறார்கள்! கடினமான பாடங்கள் பின்னால் இருந்தன. ஆட்கள் உதிர்ந்ததோ முன்னால். பாதி தூரம் வந்தவன் பெரும்பாலும் முழு தூரமும் வந்துவிட்டான்.

பாதி தூரம் வந்தவர்கள் யார்? அதற்கு மங்கோலியா போக வேண்டும். தலைநகர் உலான்பாத்தரில் பாட்டுஷிக் என்கிற 15 வயதுப் பையன் இந்த வகுப்பில் சேர்ந்தான். முழு மதிப்பெண் எடுத்தான்! ஒன்றரை லட்சம் பேரில் அப்படி எடுத்தவர்கள் 340 பேர்தான். (எண்ணாயிரம் கல்லூரியின் மொத்த மாணவர் கணக்கும் 340 என்பது தற்செயல்!) உலகப் பத்திரிகைகள் ‘மங்கோலிய மேதை’ என்று கொண்டாடின. மறு வருடம் எம்.ஐ.டி.யே அவனைச் சேர்த்துக்கொண்டது.

பையன் கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் கொண்டாட்டத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவன் படித்த பள்ளியின் முதல்வர், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். அவர்தான் இந்த வகுப்பைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 13-லிருந்து 17 வயதுக்குள் சுமார் 20 பிள்ளைகளைச் சேர்த்தார். எம்.ஐ.டி.யில் தன்னோடு படித்து, அப்போது ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நண்பர் ஒருவரை வரவழைத்தார். அந்த நண்பர் மூன்று சூட்கேஸ் நிறைய ஆய்வுக்கூடச் சாமான்களோடு வந்து இறங்கினார். திரையில் பார்த்த சுற்றைப் பிள்ளைகள் கையால் இணைத்துப் பார்த்தார்கள். புரியாத இடங்களை பாட்டுஷிக்கே மங்கோலிய மொழியில் வீடியோ எடுத்து மற்றவர்களுக்கு விளக்கினான். அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதைப்போல் நம் மண்டையில் ஏற்றும் வழி வேறு இல்லை என்பது நம்ம ஊர் சட்டாம்பிள்ளைக்கும் தெரிந்ததுதானே! இத்தனை இருந்தும் அந்த இருபது பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். பாதிப் பேர் நிலைத்தார்கள் என்றும் பார்க்கலாம். உலகக் கணக்கு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒரே ஒரு பள்ளிக்கூடத்து அதிசயம் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. அந்த முதல் வகுப்பில் படித்தவர்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள். இணையத்துக்கு வெளியே, கூடப் படிக்கிற ஒருவரோடோ பாடம் தெரிந்த ஒருவரோடோ உட்கார்ந்து வேலை செய்தவர்கள், தனியாகப் படித்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மதிப்பெண் கூடுதலாக எடுப்பார்கள் என்று அவர்கள் கணக்கு சொன்னது. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பல்கலைக்கழகம் 2012 கடைசியில் இதே வீடியோக்களைத் தன் மாணவர்களை வீட்டில் பார்க்கச் சொல்லி, வகுப்பு நேரம் முழுவதையும் ஆசிரியரோடு கணக்குப் போட வைத்தது. 91 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான வகுப்பில் அது அறுபதைத் தொட்டதில்லை. அதே பல்கலைக்கழகம் சில மாதம் கழித்து, முழுக்க முழுக்க இணையத்தில் ஆரம்பக் கணிதம் நடத்திப் பார்த்தது. நாலில் மூன்று பேர் தேறவில்லை. திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு பாடம், வேறு வேறு மாணவர்கள். தராசில் வைத்து ஒப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணிதத்தில் ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகளைத்தான் தனியாகத் திரை முன் உட்கார வைத்தார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆள் துணை அதிகம் தேவைப்பட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

பிட்மனின் சிவப்புக் கோடு ஞாபகம் இருக்கிறதா? நீ எழுதியதை ஒருவர் பார்க்கிறார் என்கிற உணர்வு. எண்ணாயிரத்தில் அது நெல்லோடு சேர்ந்து கிடைத்தது. ராதாகிருஷ்ணன் அதற்காக மூன்று ஊர் மாறினார். இணையவழிப் படிப்பில் பாடம் மட்டும்தான் வீடு தேடி வருகிறது. மற்றதையெல்லாம் படிக்கிறவர்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதுவும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே.

நம்ம ஊர்க்காரர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். பத்து வருடம் வீடியோ போட்டுக்கொண்டிருந்த என்பிடெல், 2014-ல் வேறு மாதிரி இறங்கியது. 4, 8, 12 வாரப் படிப்புகள். வாரா வாரம் அசைன்மென்ட், அதற்குக் கெடு, முடிவில் கட்டணம் கட்டி நேரில் எழுதும் தேர்வு. கல்லூரிகளில் ‘லோக்கல் சாப்டர்’ என்று வைத்து, ஒரு பேராசிரியரைப் பொறுப்பாக்கினார்கள். ‘இந்த வாரம் அனுப்பிட்டியா?’ என்று கேட்க ஒரு ஆள்!

2020 ஜூன் கடைசியில் சென்னை ஐ.ஐ.டி. இன்னும் ஒரு படி மேலே போனது. டேட்டா சயன்ஸில் இணையவழிப் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. கிடையாது, வயது வரம்பு கிடையாது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளையும் சேரலாம், ஐம்பது வயது அப்பாவும் சேரலாம். ஆனால் வாசலில் ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள். முதலில் நாலு வாரம் பாடம். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை என்று நாலு பாடங்கள். வாராந்தர அசைன்மென்ட்டில் குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால்தான் தகுதித் தேர்வு எழுத முடியும். அந்தத் தேர்வு நேரில். தேறினால்தான் படிப்பில் இடம். மற்ற நுழைவுத் தேர்வுகள், நீ இதுவரை என்ன படித்தாய் என்று கேட்கும். இது, நாலு வாரம் விடாமல் உன்னால் உட்கார முடியுமா என்று கேட்கிறது. 2012-ல் முதல் வீட்டுப்பாடத்தோடு காணாமல் போன ஒன்றே கால் லட்சம் பேரின் பாடம் இதற்குள் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு பாடத்துக்கே வாரம் 10 மணி நேரம் ஆகும் என்று ஐ.ஐ.டி. வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தப் பத்து மணி நேரத்தைத்தான் சேருகிற பலர் கவனிப்பதில்லை. ஆபீஸ் போகிற ஒருவர் நாலு பாடம் எடுத்தால் வாரத்துக்கு 40 மணி. அதாவது இன்னொரு ஆபீஸ்! ஃபீஸ் கட்டுவதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுத்து, திங்கள் முதல் ஞாயிறுவரை அந்த மணி நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். பாதி மணி நேரம்கூடக் கிடைக்கவில்லையென்றால் பாடத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம், அவமானம் ஒன்றுமில்லை. நெல்சன் மண்டேலா 1943-ல் தொடங்கிய சட்டப் பட்டத்தை 1989-ல், தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழியில், காவலில் இருந்தபடி முடித்தார்.

முன்கூட்டித் தெரிய வேண்டியவை என்று பாட அறிவிப்பில் ஒரு வரி போட்டிருப்பார்கள். அதையும் நம்மவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். எம்.ஐ.டி. வகுப்புக்கு இயற்பியலும் கால்குலஸும் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பிளஸ் டூ கணக்கு துருப்பிடித்திருந்தால், வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே பழைய பாடப் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது வாரத்தில் எடுத்தால், புதுப் பாடம், பழைய பாடம், கெடு என்று மூன்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கும்.

அப்புறம் அந்த இன்னொரு ஆள். அதே படிப்பில் சேர்ந்த பக்கத்துத் தெருப் பெண்ணாக இருக்கலாம், கணக்கு வாத்தியாராக இருக்கலாம், ரயிலில் தினமும் எதிரே உட்காருகிறவராகக்கூட இருக்கலாம். திருவாலங்காடு வழியாகச் செல்கிற பாதை லேசுப்பட்டதில்லை. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போன தடம் அது. ஊரிலிருந்து சென்னைக்குச் சுமார் 60 கிலோமீட்டர். போக வர எத்தனை மணி நேரம் என்று அதில் தினமும் நின்றுகொண்டே போகிறவர்களைக் கேளுங்கள். உட்கார இடம் கிடைக்கிற நாளில், வாரத்துக்குத் தேவைப்படும் அந்தப் பத்து மணியில் பாதி அங்கேயே தேறிவிடும்.